வலக்கையின் இலக்கணம்: நரம்புக் கருவிகளில் மீட்டும் முறைகள்

நாமக்கல் சமவெளிக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைப் பற்றிப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒருவனை ஒரு கலைஞர் குழு சந்திக்கிறது. அவன் ஓரிதானோ அல்லனோ என்று ஐயத்தோடு இருக்கும்போதே அவன் முன் பாடுவதற்கு ஆயத்தமாகிறது. எந்தெந்தக் கருவியை எப்படி ஆயத்தப்படுத்த வேண்டும் என்று பாட்டு வரிசையாகச் சொல்கிறது: முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. இந்த ஆறில் நரம்புக் கருவி யாழ் ஒன்றுதான். தூம்பு ஊதுவது; மற்றவை தாளத்துக்கு உரியவை. திறந்த வெளியில், இத்தனை தாளக் கருவிகளுக்கு நடுவே, விரலால் மீட்டும் ஒரு கருவி தன் ஒலியை எப்படிக் காத்துக்கொண்டது? தாளத்தோடு எப்படி இணைந்து நடந்தது? பண்ணையும் சுரத்தையும் மட்டும் அறிந்தவர் இதற்கு விடை சொல்ல முடியாது. நரம்பைத் தொடும் விரல் எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு, எத்தனை நரம்புகளின் மேல் சென்றது என்று கேட்டாக வேண்டும். நம் இசை எழுத்தில் மிக அரிதாகவே கேட்கப்படும் கேள்வி இது.

வீணைக் கச்சேரியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இடக்கையைப் பற்றியே எழுதுகிறார்கள். மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடித்த அழகு, ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரங்களை வரவழைத்த நயம், நீண்டு இழையும் ஜாரு என்பனவே பாராட்டுக்கு உரியவை ஆகின்றன. வலக்கை ‘மீட்டு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. மென்மையான மீட்டு, அழுத்தமான மீட்டு என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்தப் பழக்கம் கருவியிசையைத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு மரபில் ஒலி எங்கே தொடங்குகிறது, எங்கே வெட்டுப்படுகிறது, காலம் எப்படி அளக்கப்படுகிறது, பாட்டோடு சேர்ந்து ஒலிக்கும் சுருதி எங்கிருந்து வருகிறது என்பவற்றை முடிவுசெய்வது வலக்கை. கருவியின் உடலமைப்பு அதற்கு எல்லை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எந்த வழியில் செல்வது என்பதை அந்த மரபின் மொழியும் தாளமும் அவையும் தீர்மானிக்கின்றன. ஆகவே வலக்கையைத் தனியே ஆராயாமல் எந்த நரம்பிசை மரபையும் முழுமையாக அறிய இயலாது.

தமிழில் இந்த ஆராய்ச்சி ஒரு காலத்தில் நுட்பமாகவே இருந்தது. பொருநராற்றுப்படை யாழ் வாசிப்பை வருணிக்கும் இடத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்னும் நான்கு விரற்செயல்களும் அடுத்தடுத்து வினைகளாக வருகின்றன. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் அதே நான்கும், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்ற வேறு நான்கும் சேர்ந்து எட்டு இசைக்கரணங்களாக வகுக்கப்பட்டுவிட்டன. கவிஞரின் வருணனையில் ஓடிய வினைச்சொற்கள் கலைச்சொற்களாக உறைந்த வரலாறு இந்த இரண்டு நூல்களுக்கும் இடையில் இருக்கிறது. உரை மரபு இவற்றை விரல் விரலாகப் பிரித்துக் காட்டுகிறது: வார்தல் சுட்டுவிரலின் தொழில்; வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி நரம்பை உள்ளும் புறமுமாக ஆராய்வது; உறழ்தல் ஒரு நரம்பையோ இரு நரம்புகளையோ இடைவிட்டுத் தாவுவது. உருட்டலில் இடக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுவதும், வலக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டுவதும், சுட்டுவிரலோடு பெருவிரல் கூடுவதும், இரு பெருவிரல்களும் சேர்ந்து உருட்டுவதும் அடங்கும். யாழுக்கு மெட்டு இல்லை. ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு உரியது. ஆகவே இரண்டு கைகளும் மீட்டும் கைகளாகவே இருந்தன. இசையின் முழுச் செல்வமும் மீட்டும் விதத்திலிருந்து பிறந்தது. அளவு கடந்து ஒலிப்பதை ஆர்ப்பு என்றும், சிதறி ஒலிப்பதை அதிர்வு என்றும் பெயரிட்டு, நீக்க வேண்டிய பகைகளாகச் சிலப்பதிகாரம் எண்ணுவதும் இந்தக் கவனத்தின் தொடர்ச்சியே. விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ் நூல், வழக்கொழிந்த இந்தக் கருவியின் இலக்கணத்தை மீண்டும் நம் பார்வைக்குக் கொண்டுவந்தது.

வடமொழி இசைநூல்களிலும் இதற்கு இணையான சான்று கிடைக்கிறது. தேவகிரியை ஆண்ட யாதவர் அவையில் 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் இயற்றிய சாரங்கதேவர், வீணை வாசிப்பின் கைத்தொழில்களை வலக்கைக்கு ஒன்பது, இடக்கைக்கு இரண்டு, இரு கைக்கும் பொதுவாகப் பதின்மூன்று என்று பகுக்கிறார். அன்றைய அறிஞர் கண்ணில் வலக்கை எவ்வளவு வளமாக இருந்தது என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை. பிறகு தராசு சாய்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்ட வீணை உருவாயிற்று என்பது மரபு. மெட்டு நிலைத்ததும் ஒரே தந்தியில் எல்லாச் சுரங்களையும் இடக்கை எடுக்க முடிந்தது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் செய்யவும் வழி பிறந்தது. எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றை வீணையில் கொண்டுவரும் விதமும் விளக்கப்பட்டிருக்கிறது. இடக்கையின் நுட்பம் இவ்வாறு எழுத்தில் ஏறியபோது, வலக்கையின் நுட்பம் குருவின் வீட்டில் பார்த்துப் பழகும் வித்தையாகவே தங்கிவிட்டது. எழுத்தில் ஏறாததைப் பின்வந்த தலைமுறை எளியது என்று எடுத்துக்கொண்டது.

அது எளியது அன்று. வீணையில் வலக்கை ஒரே நேரத்தில் மூன்று பொறுப்புகளைச் சுமக்கிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிக் கீழ்நோக்கி மீட்டி, சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கு தந்திகளில் பாட்டை நடத்துகின்றன. சுண்டுவிரல் மேல்நோக்கித் தொட்டு, பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளை ஒலிக்கச் செய்கிறது. அந்தத் தந்திகள் ஆதார சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் சுருதி கூட்டப்பட்டவை. அதனால் சுண்டுவிரலின் ஒவ்வொரு தொடுதலும் தாளத்தைக் காட்டும் அடியாகவும் சுருதியைப் புதுப்பிக்கும் ஒலியாகவும் ஆகிறது. பாட்டின் சொல் ஒரு கணக்கில் விழும், தாளம் வேறு கணக்கில் விழும், ஒரே உள்ளங்கையைச் சேர்ந்த விரல்கள் இரண்டையும் குழப்பாமல் நடத்த வேண்டும். எடுப்பு தள்ளி வரும் கிருதியில் சாகித்திய எழுத்தும் தாள அடியும் ஒன்றையொன்று விலகி நிற்கும்போது இந்தப் பிரிவினையின் கடினம் வெளிப்படும். மிருதங்கம் இல்லாமல் தனியே வாசிக்கும் வீணையில் தாளம் அறுபடாமல் கேட்பதற்குக் காரணம் இந்தச் சுண்டுவிரல்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘பல தந்திகளை ஒரே வீச்சில் வருடுவது, கிட்டார்க்காரர்கள் ஸ்ட்ரம்மிங் என்று சொல்வது, சுரக்கூட்டை அடிப்படையாகக் கொண்ட ஐரோப்பிய இசைக்கு உரியது. ஒற்றை இழையாக ஓடும் நம் இசைக்கும் அதற்கும் என்ன உறவு?’ இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. 1606இல் மாண்டெசார்தோ என்ற இத்தாலியர், ஸ்பானியக் கிட்டாரில் ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் ஓர் எழுத்தைத் தந்து, வருடும் திசையையும் குறித்து ஒரு நூலை வெளியிட்டார். அந்த வகையில் வருடலும் சுரக்கூட்டும் பிரிக்க முடியாதவை. ஆனால் கசாக்கியரின் தோம்ப்ராவுக்கு இரண்டே தந்திகள். மேற்குக் கசாக்ஸ்தானின் தோக்பெ முறையில் இரண்டையும் ஒரே வீச்சில் அடிக்கிறார்கள். ஒன்றில் பாட்டு ஓடும், மற்றொன்று பெரும்பாலும் சுருதியாக நிற்கும். கிழக்கே வழங்கும் ஷெர்த்பெ முறையில் அதே கருவியை விரலால் மென்மையாகத் தெறிக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனிகாம்பியப் பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொண்டிங்கில், சுட்டுவிரல் நகம் கீழ்நோக்கி அடித்துப் பாட்டை நடத்த, பெருவிரல் குட்டைத் தந்தியை இடையிடையே தொட்டுத் தாளம் நிரப்புகிறது. அமெரிக்க பாஞ்சோவின் பழைய வாசிப்பு முறையிலும் இதே பங்கீடு உண்டு. இவை எவற்றிலும் சுரக்கூட்டு இன்றியமையாதது அன்று. வருடலின் ஆழ்ந்த பணி காலத்தையும் சுருதியையும் ஒருசேரத் தருவது; சுரக்கூட்டு அதன்மேல் ஐரோப்பியர் கட்டிய ஒரு மாடி. அந்த ஆழ்ந்த பணியை வீணையில் சுண்டுவிரலும் தாளத் தந்திகளும் செய்கின்றன. தம்புராவில் நான்கு தந்திகளை நடுவிரலும் சுட்டுவிரலும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவதும், மிக மெதுவாக விரித்துவைத்த வருடலே.

இரண்டாவது மறுப்பு கருவி செய்வோரிடமிருந்தும் ஒலியியலாரிடமிருந்தும் வரலாம். கருவியின் உடல், தந்தியின் உலோகம், குதிரையின் வடிவம் ஆகியவையே மீட்டும் விதத்தை நிர்ணயிக்கின்றன, மரபுக்கு அதில் தேர்வே இல்லை என்பது அவர்கள் வாதம். இது சரியாக இருந்தால், ஒரே கருவி எங்கும் எப்போதும் ஒரே வலக்கையைத்தான் பெற்றிருக்க வேண்டும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சீனத்துப் பிபா முதலில் மீட்டுகோலால் வாசிக்கப்பட்டது. தாங் அரசர் காலத்தில், 618க்கும் 907க்கும் இடையில், விரலால் மீட்டும் பழக்கம் தொடங்கி, நாளடைவில் ஐந்து விரல்களும் சுழன்று அடிக்கும் உருட்டு வரை வளர்ந்தது. அதன் உறவான ஜப்பானிய பிவா பெரிய மீட்டுகோலையே கைவிடாமல் வைத்துக்கொண்டது. ஐரோப்பிய லூட் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறகிலிருந்து விரலுக்கு மாறியது; பல குரல்களை ஒரே கருவியில் வாசிக்கும் விருப்பம் எழுந்ததே அதற்குக் காரணம். வட இந்தியாவில் ருத்ர வீணையும் சிதாரும் ஒரே இசை உலகில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை. முன்னதில் இரு விரல்கள் ஒரே திசையில் மீட்டும். பின்னதில் ஒரே விரலில் மாட்டிய மிஸ்ராப் இரு திசையிலும் மீட்டி, தா, ரா, திரி என்ற சொற்கட்டுகளாக விரைந்து ஓடும். துருபதத்தின் நிதானமும், கத் வகைகளின் துள்ளலும் இரண்டு வேறு வலக்கைகளைக் கேட்டன.

இதே உண்மையைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே காணலாம். வீணை தனம்மாள் (1867–1938) வெறும் நகத்தால் மீட்டினார். சென்னையில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய சிறு அவைக்கு அந்த ஒலி போதுமானதாக இருந்தது, அந்த மென்மைக்காகவே பெரிய வித்துவான்களும் வந்து அமர்ந்தார்கள். காரைக்குடி சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் கம்பி நகம் அணிந்து, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மிருதங்கத்துக்கு ஈடுகொடுத்து வாசித்தார்கள். தானத்தில் அவர்கள் வலக்கையின் தெளிவு இன்றும் அந்த வழியினருக்கு அளவுகோல். கருவி ஒன்றே, காலமும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபட்டது அவையும், இசையில் அவர்கள் முதன்மையாகக் கருதியதும்தான். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை. இரண்டும் தேர்வுகள் என்று ஒப்புக்கொண்டால் போதும். தேர்வு என்று ஒப்புக்கொண்ட கணமே அது ஆராய்ச்சிக்கு உரியதாகிவிடுகிறது.

கருவியின் உடலமைப்புக்கு உரிய இடத்தையும் நேர்மையாகத் தர வேண்டும். தந்தியை எந்தப் புள்ளியில் தெறிக்கிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாக் கணு கொண்ட மேல்சுரங்கள் பிறப்பதில்லை என்பது தாமஸ் யங் 1800இல் கண்ட விதி. கிட்டாரில் குதிரைக்கு அருகே மீட்டினால் கூரிய ஒலியும், நடுவுக்கு அருகே மீட்டினால் மழுங்கிய ஒலியும் வருவது இதனால்தான். அங்கே வலக்கைக்கு இடம் ஒரு பெரிய கருவூலம். ஆனால் வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று சி. வி. ராமன் 1921இல் எழுதினார். அகன்று வளைந்த குதிரையின் உலோகத் தகட்டை அதிரும் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதால், பிறவாமல் இருக்க வேண்டிய மேல்சுரங்களும் எழுகின்றன என்பது அவருடைய விளக்கம். வீணையின் நாதம் எங்கே மீட்டினாலும் செறிவாக இருப்பதன் காரணம் இது. இதிலிருந்து ஒரு முடிவை வருவிக்கலாம். இடம் மாற்றி நிறம் மாற்றும் வாய்ப்பு வீணைக்குக் கிட்டாரைவிடக் குறைவு. ஆகவே அதன் வலக்கை தன் வேறுபாடுகளை விசையிலும், நகமா சதையா கம்பியா என்பதிலும், மீட்டின் நேரத்திலும், மீட்டாமல் விடும் இடத்திலும் தேடிக்கொண்டது. உடலமைப்பு ஒரு கதவைச் சாத்தியது; மரபு மற்றக் கதவுகளைத் திறந்தது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. கர்நாடக இசையில் கருவி குரலைப் பின்பற்றுகிறது; சாகித்திய எழுத்து விழும் இடத்தில் மீட்ட வேண்டியதுதான் வலக்கையின் வேலை, அதற்குமேல் தனி இலக்கணம் அதற்குத் தேவையில்லை என்பார்கள். சாகித்தியத்தைத் தழுவி மீட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தழுவல் எத்தகையது என்று பார்க்க வேண்டும். குரலில் உயிரெழுத்து நீள்கிறது, மெய்யெழுத்து அதற்குத் தொடக்கமும் எல்லையும் தருகிறது. வீணையில் நீட்சியையும் குழைவையும் இடக்கை தருகிறது. மெய்யின் வேலை முழுவதும் வலக்கையின் பொறுப்பு. வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கும் மெல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கும் ஒரே மீட்டு பொருந்தாது. நெடிலை இரண்டாக மீட்டினால் சொல் உடைந்துவிடும். குறில்களின் அடுக்கை மீட்டாமல் விட்டால் சொல் கரைந்துவிடும். சேலத்துக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஔவையார் பாடிய ஒரு பாட்டு (புறநானூறு 92), மழலையின் சொல் யாழின் ஒழுங்குக்கும் காலக் கணக்குக்கும் பொருந்தாது, ஆயினும் தந்தைக்கு இனிக்கும் என்கிறது. பேச்சின் ஒழுங்கை அளக்க யாழை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு, யாழும் சொல்லும் காலமும் அந்த அவையில் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன. மேலும், தானம் இந்த மறுப்புக்கு நேரான விடை. தானத்தில் சாகித்தியம் இல்லை, தாளச் சுற்றும் இல்லை. ஆனால் துடிப்பு இருக்கிறது. அந்தத் துடிப்பை வீணையில் உண்டாக்குவது வலக்கை மட்டுமே. பின்பற்ற எந்த எழுத்தும் இல்லாத இடத்தில் வலக்கை தன் சொந்த இலக்கணத்தால் இசையை நடத்துகிறது என்றால், அந்த இலக்கணம் எப்போதும் அதனிடம் இருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த விவாதம் இன்று அவசரமாவதற்குக் காரணம், தமிழ்க் காதுகளுக்கு வேறொரு வலக்கை பழகிவிட்டது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. 1966இல் அங்கிருந்து வந்த வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள் போன்ற படங்களுக்கு வேதா அமைத்த இசையில் மேற்கத்திய வாத்தியக் குழுவின் செல்வாக்கு வெளிப்படை. அந்தக் காலம் தொட்டுத் திரையிசையில் கிட்டாரின் வருடல் பாட்டுக்கு அடித்தளமாக நிலைத்தது. இன்று சேலத்திலோ ராசிபுரத்திலோ தந்திக் கருவி ஒன்றைக் கற்க விரும்பும் இளைஞர் முதலில் நினைப்பது கிட்டாரைத்தான். இதை இழப்பாக நான் கருதவில்லை. கீழ் வீச்சு, மேல் வீச்சு, உள்ளங்கையால் ஒலியடக்குதல், ஓர் அடியை வேண்டுமென்றே விட்டுவிடுதல் என்று கிட்டார் மாணவர் முதல் மாதத்திலேயே வலக்கையைப் பெயர் சொல்லிப் பழகுகிறார். வீணை மாணவருக்கு அத்தகைய பயிற்சி முறையாகக் கிடைப்பது குறைவு. சரளி வரிசையில் தொடங்கும் பாடம் இடக்கையின் மெட்டு வரிசையையே முதன்மையாகக் கொள்கிறது. ஒலிபெருக்கி வந்தபின் மென்மையான மீட்டும் மண்டபம் முழுவதும் கேட்கிறது. அதனால் விசையின் படிநிலைகளைப் பழக வேண்டிய கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வீணைப் பாடத்திட்டத்தில் வலக்கைக்கெனத் தனிப் பயிற்சி வரிசை வேண்டும்: சுட்டுவிரலும் நடுவிரலும் சம விசையில் மாறுவது, சுண்டுவிரல் தாளத்தைத் தனித்து நடத்துவது, ஒரே சுரத்தில் வல்லின மெல்லின வேறுபாட்டைக் கொண்டுவருவது, மீட்டாமல் விடும் இடத்தைத் தேர்வது. ஆசிரியர்களின் பேச்சில் ஆங்காங்கே வழங்கும் மீட்டுப் பெயர்களைப் பாணி வாரியாகத் தொகுத்து, கிடைக்கும் ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டு எழுத்தில் ஏற்ற வேண்டும். கமகத்துக்குக் குறியீடு கண்ட சுவரக்குறிப்பு மீட்டுக்கும் குறியீடு காண வேண்டும். கிட்டாருக்கு 1606இலேயே இது சாத்தியமாயிற்று. எட்டு இசைக்கரணங்களின் பெயர்களை அப்படியே வீணைக்குச் சூட்டுவது பொருந்தாது, ஏனெனில் அவை வேறொரு கருவியின் இரு கைகளுக்கும் உரியவை. அவற்றிடமிருந்து நாம் பெற வேண்டியது, விரலின் ஒவ்வொரு செயலையும் பிரித்தறிந்து சொல்லும் அந்த ஒழுக்கம். அந்த ஒழுக்கம் திரும்பினால் விமர்சகர் ஒரு வைணிகரின் வலக்கையைக் குறித்து ஒரு பத்தியாவது காரணத்தோடு எழுத முடியும், மாணவர் தன் மீட்டில் எது குறைகிறது என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும், ஆசிரியர் அதைத் திருத்திக் காட்ட முடியும்.